ஹெல்மெட்டைக் கழற்றாதவர்

அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் ஸ்ரீநாத் கறாராகச் சொல்லிவிட்டார்: “பஜ்ஜி தின்னு சர்க்கரையை ஏத்திக்கிட்டு வர்றவங்களுக்கு ஊர் வரிப்பணத்துல எதுக்கு வைத்தியம்? இனிமே தின்னா, மாத்திரையை வெளியில காசு குடுத்து வாங்கிக்குங்க.”

என் பென்ஷனில் மாத்திரை வாங்கினால் சோறு கிடையாது. அன்றே பஜ்ஜியை விட்டேன். லஸ் முனையில் ஃப்ளோரன்ஸின் பஜ்ஜி வண்டிக்குத் தினமும் சாயங்காலம் போவது வாசனை பிடிக்க மட்டும்தான். நாலைந்து பஜ்ஜி தாமாக வாய்க்குள் வந்தால் நான் என்ன செய்வேன்?

இன்று ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஹெல்மெட்டும் திரும்பியது.

“யாரும்மா அது?”

“தெரில நைனா. நீ வந்தா தூரமாவே நின்னுக்கினு கீறாரு. அப்பால வந்து, ‘பெரியவர் போயிட்டாரா’ன்னு கேக்குறாரு.”

ஆஸ்பத்திரி வேவுக்காரனேதான்! நேரே போய்க் கும்பிட்டேன்.

“ஐயா, என் மாத்திரையில கை வச்சிடாதீங்க.”

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து டாக்டர் ஸ்ரீநாத்தின் குரல் கெஞ்சியது.

“மாத்திரை உண்டு பெரியவரே. தயவுசெஞ்சு வீட்டுக்குக் கிளம்புங்க. நீங்க இங்கேயே நின்னா, நான் எப்ப இதைக் கழட்டிச் சாப்பிடுறது?”