வெற்றிலை ஆடியது

தட்டு மாற்றும்போது கூடத்தில் இருந்தவர்கள் பெண்ணின் தகப்பனார் நெல்லையப்பன், அவர் மனைவி கோமதி, மாப்பிள்ளையின் பெற்றோர் சிதம்பரநாதன், உலகம்மாள். வேறு யாருமில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று நரம்பு டாக்டர் அடித்துச் சொல்லியும், நெல்லையப்பன் துண்டுக்கடியில் சுண்டுவிரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கும் அந்த விரலில்தான் நடுக்கம் தொடங்கியது. கடைசியில் கஞ்சிகூட விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். பரம்பரை வியாதி என்று தெரிந்தால் மகளின் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

தாம்பூலத் தட்டை அவர் தூக்கியதும் வெற்றிலைகள் ஆடின.

"என்ன அண்ணாச்சி, பொண்ணக் குடுக்க மனசில்லையோ?" என்று சிரித்தார் சிதம்பரநாதன்.

"ஒத்தப் பொண்ணுல்லா, அதான்" என்ற கோமதி தட்டுக்கடியில் தன் கையையும் கொடுத்தாள்.

தட்டு விழுந்துவிட்டதாக ஊரில் பேச்சு. விழவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும்தான் உருண்டது.