கதவுப் பொத்தான்

டயாலிசிஸ் முடிந்து ரயிலில் வீடு திரும்பும் கொத்தனார், வழக்கம்போல ஊர் வருவதற்கு முன்பே எழுந்து, இருக்கைகளைப் பற்றிப் பற்றிக் கதவருகே வந்து நிற்கிறார். இவர் இறங்கி முடிக்கும்வரை பழைய டீசல் வண்டி டிரைவர் கிளம்பும் ஹார்னை ஊதாமல் பொறுத்திருப்பார். இந்தப் புது மின்சார வண்டிக்கு இன்றுதான் முதல் நாள். பெயின்ட் வாடைகூடப் போகவில்லை. கதவைத் திறக்கும் பொத்தானில் பச்சை விளக்கு எரியவில்லை. கொத்தனார் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்கிறார். "இது சின்ன ஸ்டேஷன்ல நிக்காதுங்க. இனி ஜங்ஷன்தான்," என்கிறான் அருகில் உட்கார்ந்திருக்கும் இளைஞன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிக்கும் தம்பி. என் வீட்டுக்காரி வந்து காத்துக்கிட்டிருப்பா."

கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் மாலை வெயிலில் நடைமேடை வருகிறது. அவள் இருக்கிறாள். இவருக்காகக் கொண்டுவந்த சக்கர நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டுத் தயாராக நின்று, எந்தக் கதவு திறக்கும் என்று பெட்டி பெட்டியாகத் தேடுகிறாள். இவர் உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டுகிறார். நிற்காமல் போகும் வண்டி கிளப்பிய காற்றில் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். காலி நாற்காலி தானாக நகர்ந்து, வண்டி போகிற பக்கமே உருள்கிறது. அவள் வண்டியை விட்டுவிட்டு நாற்காலியின் பின்னால் ஓடுகிறாள்.

"நல்ல ஸ்பீடுல்ல?" என்கிறான் இளைஞன்.

"ஆமாப்பா," என்கிறார் கொத்தனார், பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல்.