பத்மராணி வாசித்த இலக்கம்

“லண்டன் ஃபோனை லண்டன்லயே விட்டுட்டு வந்தீங்களா, மாமா?”

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்த மாதவ், மாமனார் சொன்னதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கினான்.

“வேணுமெண்டுதான் விட்டனான், தம்பி,” என்றார் வரதராஜா, கவுண்டரிலிருந்து தள்ளி நின்றபடி. “கோவத்தில வெளிக்கிட்ட மனுசனுக்கு போன் எதுக்கு? இப்ப என்ர அனுமதியைத் திறக்கிறதெண்டால் அந்தப் போனுக்குத்தான் இலக்கம் வரும்.”

வரதராஜா முப்பது வருடமாக லண்டன்வாசி. கடவுச்சீட்டு இலங்கையுடையது; வசிக்கும் அனுமதி பிரிட்டனுடையது. முன்பு அதற்கு ஓர் அட்டை இருந்தது. இப்போது அட்டையும் இல்லை, முத்திரையும் இல்லை. அனுமதி இணையத்தில் குடியிருக்கிறது; விமானம் ஏறுமுன் சரிபார்ப்பதும் அங்கேதான். அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டால், அவருடைய கைபேசிக்கு ஆறு இலக்க ரகசிய எண் வரும். கைபேசியோ மனைவி பத்மராணியிடம்.

பத்மராணி அவரோடு பேசி மூன்று மாதம் ஆகிறது.

காரணம் சின்னதுதான். லண்டன் கோயில் நிர்வாக சபைத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்ற வரதராஜா ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அந்த ஒரு வாக்கு, அவருக்குத் தினமும் சோறு போடுகிற வாக்கு. “மற்றவர் வடிவாக் கதைச்சார், போட்டன்” என்று பத்மராணி பிரசாதம் வாங்கும் வரிசையில் நின்றுகொண்டே சொன்னாள். இனி இந்த வாசல்படி மிதியேன் என்று அவர் சன்னிவேலில் இருக்கும் மகள் தர்சனா வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். கோபம் கிரீன்லாந்துக்கு மேலே போகும்போதே இறங்கிவிட்டது. அவரால்தான் இறங்க முடியவில்லை.

அப்பா திரும்பி வருகிறார் என்று தர்சனா தாய்க்குச் சொன்னபோது வந்த பதில்: “வரட்டும். பூட்டு மாத்தியாச்சு.”

“நீங்களே எடுங்கோ, தம்பி,” என்றார் வரதராஜா. “என்ர குரலைக் கேட்டால் வைச்சிடுவா.”

மாதவ் அழைத்தான். லண்டனில் இரவுச் சமையல் நேரம். தாளிக்கும் சத்தம் கேட்டது.

“அத்தை, ஒரு எமர்ஜென்சி! மாமா ஃபோனுக்கு ஆறு டிஜிட் கோட் வந்திருக்கும். கொஞ்சம் படிங்களேன். இல்லன்னா ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க.”

தாளிப்புச் சத்தம் அடங்கியது.

“ஓம் தம்பி, வந்துதான் கிடக்கு,” என்றாள் பத்மராணி. “தேவைப்பட்டவர் கேட்டால் சொல்லுவன்.”

“பக்கத்துலதான் நிக்கிறார், அத்தை.”

“வாய் இருக்கோ?”

மாதவ் ஸ்பீக்கரைப் போட்டுக் கைபேசியை நீட்டினான். “மாமா, ப்ளீஸ். கவுண்டரை க்ளோஸ் பண்ணிடுவாங்க. உங்க சண்டையை ஹீத்ரோல கன்டின்யூ பண்ணிக்கலாம்.”

வரதராஜா மேடையில் பேசப்போகிறவரைப் போலத் தொண்டையைச் செருமினார்.

“இஞ்சாரும்…”

“என்ன?”

“அந்த இலக்கம்…”

“எந்த இலக்கம்? வாக்கு எண்ணின இலக்கமோ?”

மாதவ் சிரிப்பை விழுங்கினான்.

“நாலு… ஏழு…” என்று தொடங்கினாள் பத்மராணி. “பிறஷர் குளிசை ஒழுங்கா எடுக்கிறனீங்களோ?”

“எடுக்கிறன்.”

“பொய். பிள்ளை எல்லாம் சொன்னவள். ஒண்டு… ஒன்பது…”

“முழங்காலுக்கு டொக்டரிட்டப் போனீரோ?”

“ஆரோட போறது? இப்ப எத்தினை சொன்னனான்?”

“மறந்துபோச்சு. முதலில இருந்து சொல்லும்.”

“இனி அது செல்லாது, நேரம் போயிட்டுது. பொறுங்கோ… ஓம், இப்ப புதுசா ஒண்டு வந்திருக்கு.”

மாதவ் கொதிக்கும் மணலில் நிற்பவனைப் போலக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். புதிய எண்ணின் மூன்றாவது இலக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான்காவதில் குளியலறைக் குழாய் ஒழுகியது. ஐந்தாவதற்கு முன்னால் வரதராஜா குரலைத் தாழ்த்தினார்.

“பத்மா, நீர் போட்டது சரிதானப்பா. அவன் என்னைவிட வடிவாத்தான் கதைச்சவன்.”

லண்டனில் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“ஐஞ்சு,” என்றாள் பத்மராணி, வேறொரு குரலில். “கடைசி எட்டு. நான் ஹீத்ரோவுக்கு வாறன். குளிர்ச் சட்டையைப் பெட்டிக்குள்ள வைக்காமல் கையில கொண்டு வாங்கோ.”

அழைப்பு முடிந்தது.

“சூப்பர், மாமா! வாங்க, கவுண்டருக்கு ஓடலாம்!”

வரதராஜா ஓடவில்லை. சட்டைப்பையிலிருந்து போர்டிங் பாஸை நிதானமாக எடுத்துக் காட்டினார்.

“நீங்கள் கார் நிப்பாட்டப் போன நேரமே தந்திட்டினம். கடவுச்சீட்டைக் காட்டின உடனே என்ர அனுமதி அவையின்ர கணினியில தெரிஞ்சிட்டுது. பெட்டியும் உள்ள போயிட்டுது.”

“அப்போ அந்த கோட்?”

“நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை, தம்பி. அவவோட கதைக்க ஒரு சாட்டு வேணுமெல்லோ?” தேர்தலில் ஜெயித்தவரைப் போல மீசையைத் தடவினார்.

மாதவ் விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று சிரிப்பு பாதியில் நின்றது.

“மாமா, பக்கத்தைத் திறந்து கேட்டாத்தானே கோட் வரும்? நீங்க கேக்கவே இல்லன்னா, அத்தை இவ்வளவு நேரம் எந்த நம்பரைப் படிச்சாங்க?”