வீட்டுப் பாத்தி

தானியேல் இரண்டாவது மூடி பூச்சிமருந்தையும் டேங்கில் ஊற்றினான். ஒரு டேங்குக்கு ஒரு மூடிதான் அளவு.

பார்க்க யாரும் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் சடையப்பன் டீ குடிக்க பைக்கில் கூட்டுரோடு வரை போயிருந்தார். கிளம்பும்போது, பதினொரு வருடங்களாகச் சொல்லிவருகிற அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"ஊட்டுப் பாத்தி பக்கம் போயிடாத தானியேலு. காத்து அந்தாண்ட திரும்பினாகூட நிறுத்திக்கோ."

மூன்று ஏக்கர் வெண்டை கோயம்பேடு மார்க்கெட்டுக்கு. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், முள்வேலிக்குள், ஆறே ஆறு வரிசை வெண்டை சடையப்பன் வீட்டுக்கு. அந்த ஆறு வரிசைக்குச் சாணிக் கரைசலும் வேப்பங்கொட்டைத் தண்ணீரும்தான். மருந்து என்கிற பேச்சே கிடையாது.

பெரியபாளையம் சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருக்கிற பலருக்கும் அப்படியொரு பாத்தி உண்டு. அதை யாரும் ஒளித்துவைப்பதில்லை. தானியேலும் பதினொரு வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டே மருந்தடித்தான். யோசித்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன்புதான் யோசித்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. மாதச் சம்பளம், ஹெல்மெட், ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிப்போகும் பஸ். மெடிக்கல் டெஸ்டில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை முந்நூற்றுப் பத்து. வேலை இல்லை என்றார்கள்.

"ஸ்வீட் நிறைய சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

முப்பத்திரண்டு வயது. ஐம்பத்தொரு கிலோ. அவன் பரம்பரையில் யாருக்கும் சர்க்கரை வந்ததில்லை. அது வருகிற வயதுவரை யாரும் இருந்ததும் இல்லை.

படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிக்கொண்டார்கள். முதுகில் எந்த மருந்தைச் சுமந்தான், மூச்சில் எதை இழுத்தான், எத்தனை நாள் கையைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் சோறு தின்றான் என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை. சோற்றைக் குறைத்துக் காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காய்கறி. எந்தக் காய்கறி?

சடையப்பனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எனக்கும்தான்டா கீது சுகரு. அதுக்கு இன்னா இப்போ? சோத்த வுட்டேன். ரெண்டு வேளையும் வெண்டக்காதான். நல்லா கேக்குது. நீயும் துன்னு."

அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் தானியேலுக்குக் காது மடல் சுட்டது.

அன்றிலிருந்து அவன் மனைவி ஏஞ்சலினும் தினமும் வெண்டைக்காய்தான் கட்டித்தருகிறாள். அவள் இதே கொல்லையில் காய் பறிக்கிறவள். நேற்று மத்தியானம் டப்பாவைத் திறந்தால், பொரியலுக்குள் ஒரு புழு சுருண்டு கிடந்தது. வெந்த புழு.

டப்பாவை வரப்பில் வீசியடித்தான். "அவுங்களுக்குச் சுத்தமான காயி. எனக்கு மட்டும் கழிச்சுப் போட்ட புழுத்ததா?"

ஏஞ்சலின் சிதறிய காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "புழுவே துன்னுதுய்யா. உனக்கு இன்னா?"

அவள் அப்படித்தான். எதையும் சிரிப்பாக்கிவிடுவாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது டேங்கை முதுகில் ஏற்றினான். அவளுடைய பழைய புடவைக் கிழிசலை மூக்கும் வாயும் மூட இறுக்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுப் பாத்தியின் முள்வேலியை விலக்கினான். வேலி சுலபமாக விலகியது. யாரோ அடிக்கடி போய்வந்தது போல அந்த இடத்தில் முள் வளைந்து கிடந்தது. சடையப்பனின் மனைவி வருகிற வழியாக இருக்கும்.

இலைக்கு மேல், இலைக்குக் கீழ், பூவில், பிஞ்சில். கோயம்பேட்டு வெண்டைக்குக்கூட அவன் இவ்வளவு பொறுப்பாக அடித்ததில்லை.

தின்னுங்கள். ரெண்டு வேளையும் தின்னுங்கள். பதினொரு வருடமாக என் முதுகில் ஒழுகியதில் ஒரு வாய் தின்னுங்கள்.

கடைசிச் செடியோடு டேங்க் தீர்ந்தது. இலைகள் பனி விழுந்தது போல மினுங்கின. வாடையை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. மருந்தடிக்கிற நாளில் கொல்லை முழுக்க அதே வாடைதான்.

மோட்டார் கொட்டகை நிழலில் டேங்கை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

வேலிமுள் அசைந்தது.

ஏஞ்சலின்.

கூட்டுரோட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, வளைந்து கிடந்த முள்ளின் ஊடே, பழகிய ஆளாக உள்ளே நுழைந்தாள். முந்தானையை மடிபோல் சேர்த்துப் பிடித்தாள். நேரான காய்களைத் தொடவில்லை. அவை குறைந்தால் சடையப்பன் வீட்டம்மாவுக்குத் தெரிந்துவிடும். புழு அரித்து வளைந்தவற்றை மட்டும் பார்த்துப் பார்த்து ஒடித்தாள்.

அவன் மருந்தடித்த மூன்று ஏக்கரில் ஒரு புழு உயிரோடு இருக்காது. நேற்றே அது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தொடாத" என்றான்.

வாயில் கட்டிய துணிக்குள் அது வெறும் முனகலாக அமுங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிடிபட்டுவிட்ட குழந்தை போலச் சிரித்தாள். பிறகு, ஈரம் சொட்டும் விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினாள்.