இருவருக்கும் ஒரே களிம்பு

"நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தவனுக்கு, மனைவி இருந்த அறை வாசலைத் தாண்டக் கால் எழவில்லை.

தாய்மார் தங்கும் அறை அது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு, கை படாமல்.

குழந்தை மேல்மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோன கையோடு தொப்புளைச் சுற்றிச் சிவந்து, கொப்புளம் கண்டது. ஏதோ வேர்க்குரு என்று நினைத்தார்கள். மறுநாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை.

முதலில் ஏற்றிய மருந்துக்குக் கிருமி மசியவில்லை. அடுத்ததற்கும் அப்படியே. மூன்றாவது இப்போதுதான் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இதற்கும் மசியாவிட்டால் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை டாக்டரம்மா மறைக்கவில்லை.

அபூர்வமான கிருமி ஒன்றும் இல்லையாம். எத்தனையோ பேர் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருப்பதுதானாம். பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பச்சை உடம்பு என்றால் ரத்தத்துக்குள் இறங்கிவிடும். அதிலும் மருந்துகளுக்குப் பழகிப்போன ரகம் இது.

அதனால்தான் குழந்தையைத் தூக்கியவர்கள் மூக்கிலெல்லாம் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்துப் போனார்கள். தூக்கியவர்கள் என்றால் அவனும் அவளும்தான். சொந்த அண்ணனைக்கூட அவள் கிட்டே விடவில்லை.

அவன் பன்றிப் பண்ணையில் வேலை பார்ப்பவன். நோய் வராமலிருக்கத் தீவனத்தில் மருந்துத் தூளைக் கலப்பதும் அவன்தான். அதைக் கேட்டதும் டாக்டரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்தில் நின்ற மச்சான், அவள் அண்ணன், இவனால்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

இதற்கு முன்னால் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. எதைத் தூக்கினேன், எதைத் தின்றேன் என்று மாதக்கணக்கில் தன்னையே குடைந்துகொண்டாள். மொட்டைமாடிச் சுவரோரம் வெறித்து நின்றவளை ஒருநாள் அவன்தான் பேச்சுக் கொடுத்துக் கொடுத்துக் கீழே அழைத்து வந்தான்.

ஒருவழியாக உள்ளே போனான். அவள் நிமிர்ந்தாள். "ஏங்க, டாக்டர் என்ன சொன்னாங்க?"

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "என்கிட்ட இருந்துதான் வந்திருக்கு."

அவள் பார்வை அவன் கைகளுக்குப் போனது.

"கை கழுவிட்டுத்தானே தூக்குனீங்க?"

"கழுவினேன். மூக்கைக் கழட்டி வச்சிட்டா தூக்க முடியும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே அது வாயிலிருந்து வந்திருக்க வேண்டாம் என்றிருந்தது.

சன்னலோரம் நின்ற மச்சான் திரும்பினார். "அந்த வேலையை விட்டுத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மாப்ள."

அதற்கும் தலையாட்டினான். சட்டைப் பையிலிருந்து களிம்புக் குழாயை எடுத்துக் கட்டிலில் வைத்தான். "ரெண்டு பேருமே மூக்குல போடணுமாம். ஒரே வீட்டுல இருக்கோம்ல, அதுக்காக. கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு நீ பால் எடுத்துக் குடுக்கலாமாம், ஒண்ணும் ஆகாதாம்."

அவள் குழாயை வெடுக்கென்று எடுத்தாள். வந்த நாளிலிருந்து கல்லாகச் சமைந்திருந்தவள் அப்போதுதான் வாய்விட்டுக் கத்தினாள்.

"போங்க வெளிய. என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

போனான். கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே கொஞ்ச நேரம் விம்மல் கேட்டது. பிறகு, தட்டில் கரண்டி படும் சத்தம். கோபத்தோடு சாப்பிடுகிறாள். சாப்பிடட்டும்.

மாடிப்படியில் டாக்டரம்மா இறங்கி வந்தார். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்பதற்கு முன்பே, "காய்ச்சல் இன்னும் விடல. நாளைக்கு ரத்தம் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களா? பண்ணையில வேலை பாக்குற உங்க மூக்குல ஒண்ணுமே இல்ல. அவங்க மூக்குல இருந்துதான் வந்திருக்குன்னா எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்? எப்படி எடுத்துக்கிட்டாங்க?"

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. மச்சான் வெளியே வந்தார். அவனைக் கண்டதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரை ஒட்டியபடி விலகி நடந்து போனார்.

டாக்டரம்மா போகிறவரைப் பார்த்தார். அப்புறம் இவனைப் பார்த்தார்.

அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.