குளியல்தொட்டியில் கெண்டை

மனைவியோடு இரண்டு நாள் பிராகைச் சுற்றிப் பார்க்க வந்த லுபோஷ், உயிரோடு ஒரு கெண்டை மீனை வாங்கித் தொலைத்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருமுனையில் கெண்டை விற்பதைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. பண்டிகை விருந்துவரை கெண்டையைத் தொட்டியில் உயிரோடு வைத்திருக்கும் வீட்டுப் பழக்கத்தில் அதை விடுதியின் குளியல்தொட்டியில் விட்டான்.

“வெந்நீர்ல சாஞ்சு கிடக்கலாம்னுதான் இந்த அறையே எடுத்தேன். ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான்,” என்றாள் யர்மிலா. விளையாட்டில்லை; பெட்டியை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

மீனைக் கொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. வாளியில் கொண்டுபோய் ஆற்றில் விட்டான். கிழிந்த வாலை ஆட்டிக்கொண்டு அது ஆழத்துக்குப் போனது. ஆற்றுப் படியில் உறைபனி வழுக்கியது. நல்லவேளை, கம்பியைப் பிடித்துக்கொண்டான், காலுறைகூட நனையவில்லை.

அவன் திரும்பியபோது யர்மிலா குளியலறை வாசலில் நின்றாள். எங்கோ குறட்டைச் சத்தம் கேட்டது. பக்கத்து அறைக்காரன் போலும். தொட்டியில் அதே கிழிந்த வால் அசைந்தது.

“இது எப்படி வந்துச்சு?”

“உனக்குத் தெரியாதாக்கும்!”

“சத்தியமாத் தெரியாது. யார் கொண்டுவந்தது?”

அவள் மீனைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“நீதான். தொப்பலா நனைஞ்சு வந்து இதை விட்டுட்டு, உள்ளே கட்டில்ல போர்த்திக்கிட்டுத் தூங்குற. மெதுவாப் பேசு, எழுப்பிடாத.”