வெர்நெட்டாவின் கதவு

கிழக்கு ஒன்பதாம் தெருவில், வெர்நெட்டாவின் சடை பின்னும் கடையில் இன்னும் விளக்குப் போடவில்லை. மூடிய இரும்புக் கதவில் ஐந்து குண்டு ஓட்டைகள். அவற்றின் வழியே காலை வெயில் ஐந்து கோடுகளாக இறங்கி, அவள் தங்கை சுருண்டு விழுந்த இடத்தில் கிடக்கிறது. பதினொரு நாளுக்கு முன்பு, வேகமாகப் போன ஒரு காரை நோக்கிப் போலீஸ் சுட்டது. மூன்று முறைதான் சுட்டோம் என்கிறது அவர்கள் அறிக்கை. தங்கை இன்னும் ஆஸ்பத்திரியில், இடது கை அசையாமல் படுத்திருக்கிறாள். இன்று மாநகராட்சி இலவசமாகப் புதுக் கதவு அனுப்பியிருக்கிறது. அதை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப்போக வந்த வேலையாள் டாரில், டிரில்லிங் மெஷினோடு தயங்கி நிற்கிறான். வெர்நெட்டா சுழல் நாற்காலியை இழுத்து, கதவை ஒட்டிப் போட்டு உட்கார்கிறாள்.

“எண்ணிப் பாத்தியா, தம்பி?”

“பாத்தேன், மிஸ் வெர்நெட்டா. அஞ்சு.”

“நீ பள்ளிக்கூடம் போனவன். அவங்களுக்கு மூணுக்கு மேல வராது போல.”

டாரிலுக்குச் சிரிப்பு வருகிறது. அவனோடு வந்து வெளியே காத்திருக்கும் போலீஸ் வண்டி உறுமியதும் அது அடங்கிவிடுகிறது. “கடை பூட்டியிருந்துச்சுன்னு வேலைச் சீட்டுல எழுதிட்டுப் போயிடறேன். நமக்கு எதுக்கு வம்பு?” என்கிறான் மெதுவாக.

“ஏன், நான்தான் இருக்கேனே. வெர்நெட்டா ப்ரூவிட் கதவுல சாஞ்சு உக்காந்திருக்கா, கோர்ட்டு கேட்டாத்தான் தருவாளாம்னு எழுது.”

டாரில் சீட்டை முழங்காலில் வைத்துக் குனிகிறான். பேனா கீறும் சத்தம் கேட்கிறது.

“பேரைப் பெருசா எழுது. வண்டியில இருக்கிறவங்க கண்ணாடி போடாமப் படிக்கணும்.”